ஃப்ரீபிஎஸ்டில லினக்ஸ் பைனரி: ஒரு லைப்ரரி பிழை போனா இன்னொண்ணு வருது

கெடிலக்கரை, கடலூர்

எல்லாருக்கும் வணக்கம். பரங்கிப்பேட்டை பக்கம் ஒரு இறால் பண்ணையில ஃப்ரீபிஎஸ்டி 14 (லினக்ஸ் இல்லாத வேற ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஓடுது. 64 பிட், ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ். குளத்துல இருக்கற ஆக்சிஜன் மீட்டர்லேர்ந்து ரீடிங் எடுக்கற ப்ரோகிராமை மீட்டர் விக்கிறவங்க லினக்ஸுக்கு மட்டும்தான் தர்றாங்க, சோர்ஸ் கிடையாது. பெட்டிய மாத்தாம, லினக்ஸ் ப்ரோகிராம ஃப்ரீபிஎஸ்டில ஓட வைக்கற லினக்ஸ் காம்பாட் லேயர்ல ஓட்டப் பாக்கறேன். விடியற்காலையில ஆக்சிஜன் இறங்குறப்போ எஸ்எம்எஸ் போகணும், அதுதான் இதோட வேலையே.

முதல்ல ஓட்டினப்போ "எல்ஃப் இன்டர்ப்ரிட்டர் /லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 நாட் ஃபவுண்ட், எரர் 2"னு வந்து விழுந்துச்சு. லினக்ஸோட அடிப்படை லைப்ரரிகள் இருக்கற லினக்ஸ்_பேஸ்-சி7 பேக்கேஜ் போட்டு, லினக்ஸ் சர்வீஸ ஸ்டார்ட் பண்ணேன். அது போச்சு.

அடுத்து "லிப்மாட்பஸ்.எஸ்ஓ.5: கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்". ஃப்ரீபிஎஸ்டியோட பேக்கேஜ் கருவி பிகேஜில லிப்மாட்பஸ் (மீட்டரோட பேசற லைப்ரரி) இருந்துச்சு, இன்ஸ்டால் பண்ணேன். அப்பவும் கிடைக்கலன்னு சொன்னதால, லைப்ரரி தேட வேண்டிய ஃபோல்டர்களச் சொல்ற எல்டி_லைப்ரரி_பாத்-ல /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் சேத்தேன். இப்ப "எல்ஃப் ஃபைல் ஓஎஸ் ஏபிஐ இன்வேலிட்".

சரின்னு ஆபீஸ்ல இருக்கற உபுண்டு 22.04-லேர்ந்து லிப்மாட்பஸ் எடுத்து ப்ரோகிராமோட லிப் ஃபோல்டர்ல வச்சேன். "ஜிலிப்சி_2.28 நாட் ஃபவுண்ட்"னு வந்துச்சு. ஜிலிப்சின்னா லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி, அதனால அதே உபுண்டுலேர்ந்து அதோட லிப்சி.எஸ்ஓ.6-ஐ /காம்பாட்/லினக்ஸ்/லிப்64-ல காப்பி பண்ணேன். அதுக்கப்புறம் "சிம்பல் ... வெர்ஷன் ஜிலிப்சி_பிரைவேட் நாட் டிஃபைன்ட்"னு வருது. இப்ப லினக்ஸ் பாஷ் கூட எழுந்திருக்க மாட்டேங்குது.

இது போக, ப்ரோகிராமோட வந்த ஸ்டார்ட் ஸ்கிரிப்ட ஓட்டினா, கடைசியில எஸ்எம்எஸ் அனுப்பற கர்ல் வரில "எல்டி-எல்ஃப்.எஸ்ஓ.1: ஷேர்டு ஆப்ஜெக்ட் லிப்சி.எஸ்ஓ.6 நாட் ஃபவுண்ட், ரிக்வயர்ட் பை லிப்கர்ல்.எஸ்ஓ.4". தனியா டெர்மினல்ல கர்ல் நல்லா ஓடுது. பண்ணையில நெட் ரொம்ப மெதுவு. எங்கேர்ந்து சரி பண்ண ஆரம்பிக்கறது?


சுண்ணாம்பாறு, புதுச்சேரி

பிழைச் செய்திய முழுசா போட்டதுக்கு நன்றி, அதுலயே பாதி விடை இருக்கு. இந்த மாதிரி சிக்கல்ல முதல்ல பாக்க வேண்டியது, எந்த லைப்ரரி இல்லங்கறது இல்ல. யார் அதச் சொல்றாங்கங்கறதுதான். உங்க பெட்டில மூணு பேர் பேசறாங்க.

"எல்ஃப் இன்டர்ப்ரிட்டர் நாட் ஃபவுண்ட்"னு சொல்றது ஃப்ரீபிஎஸ்டி கர்னல், அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதி. பைனரிக்குள்ள எழுதியிருக்கற லோடரே (வேண்டிய லைப்ரரிகளத் தேடி ஏத்தறது) கிடைக்கல, ப்ரோகிராம் இன்னும் ஒரு அடி கூட எடுத்து வைக்கலன்னு அர்த்தம். "கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்", "ஓஎஸ் ஏபிஐ இன்வேலிட்", "ஜிலிப்சி_2.28 நாட் ஃபவுண்ட்" இதெல்லாம் லினக்ஸ் லோடர் சொல்றது. "எல்டி-எல்ஃப்.எஸ்ஓ.1:"னு ஆரம்பிச்சா அது ஃப்ரீபிஎஸ்டியோட சொந்த லோடர். அந்தக் கடைசிப் பிழைக்கும் காம்பாட் லேயருக்கும் நேரடி சம்பந்தமே இல்ல, ஓடறது சொந்த கர்ல்.

ஒவ்வொண்ணா வர்றேன்.

லிப்மாட்பஸ்: நீங்க பிகேஜில போட்டது ஃப்ரீபிஎஸ்டிக்குக் கட்டினது. பேரும் எண்ணும் ஒண்ணா இருந்தாலும் லினக்ஸ் ப்ரோகிராமுக்கு அது ஆகாது. ஹெக்ஸ்டம்ப் -சி போட்டு முதல் வரியப் பாருங்க. ஃப்ரீபிஎஸ்டி லைப்ரரின்னா "7எஃப் 45 4சி 46 02 01 01 09"னு இருக்கும். எட்டாவது பைட் 09, அதுதான் ஃப்ரீபிஎஸ்டி முத்திரை. லினக்ஸ் லைப்ரரில அதே இடத்துல 00 இல்லன்னா 03 இருக்கும். லினக்ஸ் லோடர் அந்த ஒரு பைட்டப் பாத்துதான் இன்வேலிட்னு தள்ளிடுது. /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-ஐ எல்டி_லைப்ரரி_பாத்-லேர்ந்து எடுத்துடுங்க. ப்ரொஃபைல் ஃபைல்ல எழுதியிருந்தா அங்கயும் அழிச்சுட்டு மறுபடி லாகின் ஆகுங்க.

ஏன் அந்த ஃபோல்டர் வரைக்கும் போய் எடுத்துச்சுன்னா, லினக்ஸ் ப்ரோகிராம் ஒரு பாதையத் திறக்கச் சொன்னா கர்னல் முதல்ல /காம்பாட்/லினக்ஸ் கீழ தேடும். அங்க இல்லன்னா அதே பாதைய நிஜ ரூட்ல தேடும். அந்த வசதியாலதான் உங்க ஹோம் ஃபோல்டர், கான்ஃபிக் எல்லாம் லினக்ஸ் ப்ரோகிராமுக்குத் தெரியுது. அதே கதவு வழியாத்தான் தப்பான லைப்ரரியும் உள்ள வருது.

லிப்சி காப்பி: இதுதான் பெரிய சேதம். லிப்சியும் லோடரும் ஒரே பில்டுலேர்ந்து வர்ற ஜோடி. அவங்களுக்குள்ள பேசிக்கிற சிம்பல்களுக்கு (லைப்ரரிக்குள்ள இருக்கற ஃபங்ஷன் பேர்கள்) வச்ச முத்திரைதான் ஜிலிப்சி_பிரைவேட், அந்த சிம்பல்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். சி7-ங்கறது சென்ட்ஓஎஸ் 7, அதுல ஜிலிப்சி 2.17. உபுண்டு 22.04-ல 2.35. 2.35 லிப்சிய 2.17 லோடர் ஏத்தவே முடியாது. இன்னொண்ணு கவனிங்க. சி7-ல லிப்சி.எஸ்ஓ.6-ங்கறது வெறும் சிம்லிங்க், அது காட்டறது லிப்சி-2.17.எஸ்ஓ. நீங்க சாதாரணமா சிபி பண்ணதுல லிங்க் அப்படியே இருக்கும், அதுக்குப் பின்னால இருக்கற நிஜ ஃபைலோட உள்ளடக்கம் 2.35 ஆயிருக்கும். பிகேஜி செக் -எஸ் லினக்ஸ்_பேஸ்-சி7 கொடுத்தா அந்த ஃபைலுக்கு செக்சம் பொருந்தலன்னு சொல்லும். பிகேஜி இன்ஸ்டால் -எஃப் லினக்ஸ்_பேஸ்-சி7 போட்டா பழையபடி ஆயிடும். இதால உங்க ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒண்ணும் ஆகல, அது லிப்சி.எஸ்ஓ.7 வச்சு ஓடுது. பயப்பட வேணாம்.

ஆனா சி7-ஐ மீட்டாலும் 2.28 கிடைக்கப் போறதில்ல. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓட ஆதரவும் முடிஞ்சுது. அதனால மீட்காம மாத்திடுங்க. லினக்ஸ்-சி7-னு ஆரம்பிக்கற எல்லாத்தையும் லினக்ஸ்_பேஸ்-சி7 கூடவே பிகேஜி டெலீட் பண்ணிட்டு லினக்ஸ்_பேஸ்-ஆர்எல்9 போடுங்க. அது ராக்கி லினக்ஸ் 9, ஜிலிப்சி 2.34. போடும்போது லினக்ஸ் சர்வீஸ் ஓடிட்டு இருக்கணும். இன்ஸ்டால் முடிவுல லினக்ஸோட எல்டிகான்ஃபிக் ஓடி கேஷ் கட்டும், கர்னல் மாட்யூல் ஏறலன்னா அந்தக் கேஷ் கட்டாமலே நின்னுடும். அப்புறம் ஃபைல் கண்ணெதிர்ல இருந்தும் லோடர் இல்லன்னு சொல்லும்.

கர்ல்: ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் தன்னோட லிப் ஃபோல்டர எல்டி_லைப்ரரி_பாத்-ல வச்சு எக்ஸ்போர்ட் பண்ணுது இல்லையா? அந்த ஃபோல்டர்ல லிப்கர்ல்.எஸ்ஓ.4 இருக்கும், லினக்ஸுக்குக் கட்டினது. ஸ்கிரிப்ட ஓட்டறது ஃப்ரீபிஎஸ்டியோட ஷெல், அதுலேர்ந்து கிளம்பற கர்லும் ஃப்ரீபிஎஸ்டியோடது. ரெண்டு பக்கமும் எஸ்ஓ.4-ங்கற அதே பேர், அதனால சொந்த லோடர் லினக்ஸ் லிப்கர்ல எடுத்துக்குது. அது லிப்சி.எஸ்ஓ.6 கேக்குது, ஃப்ரீபிஎஸ்டில அப்படி ஒண்ணு கிடையாது. அவசரத்துக்கு அந்த ஒரு வரில மட்டும் "என்வ் -யூ எல்டி_லைப்ரரி_பாத் கர்ல் ..."னு எழுதுங்க.

நிரந்தரமா வேணும்னா, லைப்ரரி தேடற பாதைய பைனரிக்குள்ளயே எழுதற பேட்ச்எல்ஃப் பிகேஜில இருக்கு. பைனரிக்கு ஒரு நகல் எடுத்து வச்சுட்டு "பேட்ச்எல்ஃப் --ஃபோர்ஸ்-ஆர்பாத் --செட்-ஆர்பாத் '$ஆரிஜின்/லிப்' ப்ரோகிராம்". ஒற்றை மேற்கோள் கட்டாயம், இல்லன்னா ஷெல் $ஆரிஜின வெறுமையாக்கிடும். ஃபோர்ஸ்-ஆர்பாத் விட்டுட்டா அது ரன்பாத்தா எழுதும். ரன்பாத் அந்த பைனரி நேரடியா கேக்கற லைப்ரரிக்கு மட்டும்தான் செல்லும், லிப்கர்ல் தன் பங்குக்குக் கேக்கற லிப்எஸ்எஸ்எல்லுக்கு (பாதுகாப்பான இணைப்புக்கான லைப்ரரி) செல்லாது. பாதிப் பேர் அங்கதான் மாட்டறாங்க.


உப்பனாறு, கடலூர் முதுநகர்

சுண்ணாம்பாறு சொன்னது எல்லாம் சரி. ஆனா ஆர்எல்9 போடறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. "பழைய பெட்டி"ன்னு எழுதியிருக்கீங்க. ராக்கி 9-ஐ எக்ஸ்86-64-வி2-ங்கற அளவுக்குக் கட்டியிருக்காங்க. எஸ்எஸ்இ4.2, பாப்சிஎன்டிங்கற ப்ராசசர் கட்டளைகள் ரெண்டும் இல்லாத ப்ராசசர்ல எந்த லினக்ஸ் பைனரிய ஓட்டினாலும் "ஃபேட்டல் ஜிலிப்சி எரர்: சிபியூ டஸ் நாட் சப்போர்ட் எக்ஸ்86-64-வி2"னு நின்னுடும். அப்போ அதையும் லைப்ரரி சிக்கல்னு நினைச்சு இன்னும் ரெண்டு நாள் போகும். /வார்/ரன்/டிமெசேஜ்.பூட் ஃபைல்ல ஃபீச்சர்ஸ்2 வரியப் பாருங்க, அது ரெண்டும் அங்க இருக்கணும். கோர் 2 டுவோவா இருந்தா எஸ்எஸ்இ4.1-ஓட நின்னுருக்கும்.

இல்லன்னா டெபியன் 11, புல்ஸ்ஐ. அதுல ஜிலிப்சி 2.31, வி2 கேக்காது. உங்க கேஸுக்கு இன்னொரு லாபமும் இருக்கு. லிப்மாட்பஸ்5, லிப்எஸ்எஸ்எல்1.1 ரெண்டும் டெபியன் பேக்கேஜாவே கிடைக்கும். அந்தக் கம்பெனி ப்ரோகிராம் எந்த எஸ்எஸ்எல் கேக்குதுன்னு "ரீட்எல்ஃப் -டி ப்ரோகிராம்" போட்டு நீடட் வரிகளப் பாருங்க. அதே ரீட்எல்ஃபுக்குப் பெரிய எழுத்து வி கொடுத்தா எந்த ஜிலிப்சி வெர்ஷன் வரைக்கும் கேக்குதுன்னு வரும். இதுக்கு ப்ரோகிராம ஓட்டவே வேணாம், ஃப்ரீபிஎஸ்டியோட சொந்த ரீட்எல்ஃபே போதும். லினக்ஸ் பக்கம் உடஞ்சு கிடக்கற இப்பக்கூட வேலை செய்யும்.

வெளியிலேர்ந்து லைப்ரரி எடுக்கறப்போ ஒரே கணக்கு: அதக் கட்டின ஜிலிப்சி, நீங்க ஓட்டற ஜிலிப்சிக்குச் சமமா இருக்கணும், இல்ல பழசா இருக்கணும். 22.04-லேர்ந்து எடுத்த லிப்மாட்பஸ 2.31-ல வைக்காதீங்க, தூக்கிடுங்க. எஸ்எஸ்எல்லுக்கும் எச்சரிக்கை. லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லன்னு சொன்னா லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கு அந்தப் பேர்ல லிங்க் போடச் சொல்லி யாராவது எழுதுவாங்க. செய்யாதீங்க. உள்ள இருக்கற சிம்பல் வெர்ஷனே வேற, அடுத்த வரில "ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்"னு வந்து நிக்கும்.

நெட் மெதுவுன்னா டெபியன் மரத்தை (அதோட ஃபோல்டர், ஃபைல் எல்லாம் சேந்தது) வேற இடத்துல கட்டிக் கொண்டு போங்க. கடலூர் ஆபீஸ்ல ஒரு ஃப்ரீபிஎஸ்டி 14-ல, டெபியன ஒரு ஃபோல்டர்ல கட்டற டெபூட்ஸ்ட்ராப் பேக்கேஜ் போட்டு, லினக்ஸ் சர்வீஸ ஸ்டார்ட் பண்ணிட்டு, "டெபூட்ஸ்ட்ராப் --வேரியன்ட்=மின்பேஸ் புல்ஸ்ஐ /காம்பாட்/டெபியன்". அப்புறம் அந்த ஃபோல்டரையே ரூட்டா காட்டற "ச்ரூட் /காம்பாட்/டெபியன் /பின்/பாஷ்"னு உள்ள போய், டெபியனோட பேக்கேஜ் கருவி ஆப்ட்ல அப்டேட் கொடுத்து, லிப்மாட்பஸ்5, லிப்எஸ்எஸ்எல்1.1, லிப்கர்ல்4 போடுங்க. ஆப்ட் "டைனமிக் எம்மேப் ரான் அவுட் ஆஃப் ரூம்"னு அழுதா, உள்ள /ஈடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி கீழ ஒரு ஃபைல்ல ஆப்ட்::கேஷ்-ஸ்டார்ட் 251658240னு எழுதி கடைசியில அரைப்புள்ளி வைங்க.

வெளிய வந்து ஒரு லிங்க மட்டும் திருத்தணும். டெபியன்ல /லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2-ங்கறது /லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யூ/எல்டி-2.31.எஸ்ஓ-வக் காட்டற லிங்க். ஸ்லாஷ்ல ஆரம்பிக்குது பாருங்க. ச்ரூட்டுக்குள்ள அது சரியா போகும், வெளியிலேர்ந்து பாத்தா நிஜ ரூட்டோட /லிப்-ஐக் காட்டும், அங்க அது கிடையாது. மறுபடியும் உங்க முதல் பிழை, "இன்டர்ப்ரிட்டர் நாட் ஃபவுண்ட்", லோடர் இருந்துமே வரும். அந்த லிங்க அழிச்சுட்டு ../லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யூ/எல்டி-2.31.எஸ்ஓ-ன்னு ரிலேட்டிவா போடுங்க, எங்கேர்ந்து பாத்தாலும் சரியா வரும்.

பென்டிரைவ்ல ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணாதீங்க. ஃபேட் ஃபார்மேட்ல சிம்லிங்க் நிக்காது, லைப்ரரி ஃபோல்டர்ல பாதி சிம்லிங்க்தான். ரூட்டா இருந்து தார் கட்டி ஒரே ஃபைலா எடுத்துட்டுப் போங்க, அங்கயும் ரூட்டா -பி கொடுத்துப் பிரிங்க. தார் கட்டறதுக்கு முன்னாடி மவுன்ட்னு அடிச்சு, அந்த மரத்துக்குள்ள ப்ராக், சிஸ், டெவ் எதுவும் ஏறி நிக்கலன்னு உறுதி பண்ணிக்குங்க.

பண்ணைப் பெட்டில: சி7 சம்பந்தப்பட்டதெல்லாம் பிகேஜி டெலீட். /காம்பாட்/லினக்ஸ் கீழ இருக்கற மவுன்ட உள்ளேர்ந்து வெளிய கழட்டுங்க, முதல்ல டெவ்/எஸ்ஹெச்எம், டெவ்/எஃப்டி, அப்புறம் டெவ், சிஸ், ப்ராக். மிச்சமிருக்கற ஃபோல்டருக்குப் பேர் மாத்தி ஓரமா வைங்க, அழிக்க வேணாம். புது மரத்த /காம்பாட்/லினக்ஸ்னு வச்சு லினக்ஸ் சர்வீஸ மறுபடி ஸ்டார்ட். இசட்எஃப்எஸ்தானே, தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட். புல்ஸ்ஐயோட நீண்ட கால ஆதரவு 2026 ஆகஸ்ட் வரைதான், அதனால இந்தப் பெட்டிய நெட்டுக்கு நேரா திறந்து வைக்காதீங்க.


கெடிலக்கரை, கடலூர்

உப்பனாறு அண்ணா, நல்ல வேளை சொன்னீங்க. ஃபீச்சர்ஸ்2-ல எஸ்எஸ்இ4.1 இருக்கு, 4.2-உம் பாப்சிஎன்டியும் இல்ல. கோர் 2 டுவோதான். புல்ஸ்ஐ வழிலயே போனேன்.

ரீட்எல்ஃப்ல லிப்மாட்பஸ்.எஸ்ஓ.5, லிப்கர்ல்.எஸ்ஓ.4, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1, லிப்சி.எஸ்ஓ.6 வந்துச்சு, அதிகபட்சம் ஜிலிப்சி_2.28. எல்லாமே புல்ஸ்ஐயில இருக்கறதால கம்பெனியோட லிப் ஃபோல்டருக்கே பேர் மாத்திட்டு, ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்ல எல்டி_லைப்ரரி_பாத் வரியத் தூக்கிட்டேன். ப்ரோகிராம் எழுந்துடுச்சு, கர்லும் சரியா போகுது, பேட்ச்எல்ஃப் தேவைப்படல. லிங்க் விஷயம் நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு, திருத்தினேன்.

ரெண்டு மிச்சம். ப்ரோகிராம் ஸ்டார்ட் ஆகி அஞ்சு வினாடில "ப்ளகின் லோட் ஃபெயில்ட்"னு ஒரு வரி போட்டுட்டு நிக்குது, எந்த ஃபைல்னு சொல்ல மாட்டேங்குது. ரீட்எல்ஃப் லிஸ்ட்ல இருக்கறது எல்லாம் சரியாத்தான் ஏறுது. இன்னொண்ணு, கான்ஃபிக்ல போர்ட் /டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0-ன்னு இருக்கு, அப்படி ஒண்ணு இங்க இல்ல.


சுண்ணாம்பாறு, புதுச்சேரி

ப்ளகின்னா டிஎல்ஓப்பன்ல ஏத்தறது. ஓடும்போது பேர் சொல்லிக் கூப்பிடற லைப்ரரி நீடட் லிஸ்ட்ல வரவே வராது. அதப் பிடிக்க ரெண்டு வழி இருக்கு. எல்டி_டீபக்=லிப்ஸ்னு முன்னால வச்சு ஓட்டினா லினக்ஸ் லோடர் ஒவ்வொரு லைப்ரரியையும் எந்தெந்த ஃபோல்டர்ல தேடுச்சுன்னு வரி வரியா சொல்லும். அதுல தெரியலன்னா "ட்ரஸ் -எஃப் -ஓ /டெம்ப்/வெளி.டெக்ஸ்ட் ப்ரோகிராம்". ட்ரஸ் லினக்ஸ் பைனரிக்கும் வேலை செய்யும். அந்த ஃபைல்ல "ப்ளகின் லோட் ஃபெயில்ட்" எழுதின இடத்தக் கண்டுபிடிச்சு, அதுக்கு மேல பின்னோக்கிப் போங்க. கடைசியா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ன்னு (ஈஎன்ஓஎன்ட் பிழை) திரும்பின .எஸ்ஓ பாதைதான் காணாம போனது. கம்பெனி லிப் ஃபோல்டருக்குப் பேர் மாத்தினதா எழுதியிருக்கீங்க, ப்ளகினும் அதுக்குள்ளதான் இருந்திருக்கும்னு நினைக்கறேன். ஃபோல்டருக்குப் பழைய பேர் வச்சு, புல்ஸ்ஐல இருக்கற லிப்கர்ல், லிப்எஸ்எஸ்எல், லிப்க்ரிப்டோ மூணையும் மட்டும் அதுலேர்ந்து வெளிய எடுங்க.

டிஎல்ஓப்பன் ஃபைலக் கண்டுபிடிச்சும் "ராங் எல்ஃப் கிளாஸ்: எல்ஃப்கிளாஸ்32"னு சொன்னா அது 32 பிட் ப்ளகின், 64 பிட் ப்ரோகிராமுக்கு எதுவும் பண்ண முடியாது. கம்பெனிகிட்ட 64 பிட் ஒண்ணு கேளுங்க. எல்லா லைப்ரரியும் ஏறி அப்புறமும் விழுந்தா டிமெசேஜ் பாருங்க. "லினக்ஸ்: ஜேஐடி 0 பிஐடி ... சிஸ்கால் ... நாட் இம்ப்ளிமென்டட்"னு இருந்தா அது கர்னல்ல இல்லாத சிஸ்கால் (ப்ரோகிராம் கர்னல்கிட்ட கேக்கற வேலை). அங்க எந்த லைப்ரரிய மாத்தினாலும் பலன் இல்ல.


உப்பனாறு, கடலூர் முதுநகர்

போர்ட்டுக்கு: யூஎஸ்பி சீரியல் கேபிள் ஃப்ரீபிஎஸ்டில /டெவ்/சியூஏயூ0-ன்னு வரும். கான்ஃபிக் ஃபைல்ல அந்தப் பேரயே எழுதுங்க. கம்பெனி ப்ரோகிராம் டிடிஒய்யூஎஸ்பின்னு ஆரம்பிக்கலன்னா ஏத்துக்காதுன்னா மட்டும், /ஈடிசி/டெவ்எஃப்எஸ்.கான்ஃப்-ல "லிங்க் சியூஏயூ0 டிடிஒய்யூஎஸ்பி0"ன்னு ஒரு வரி சேருங்க. அது /டெவ் கீழதான் லிங்க் போடும், /காம்பாட்/லினக்ஸ்/டெவ் கீழ இருக்காது. ஆனா சுண்ணாம்பாறு முதல்ல சொன்ன மாதிரி, அங்க இல்லன்னா நிஜ ரூட்ல தேடறப்போ கிடைச்சுடும். இந்த லிங்க் பூட் ஆகறப்போ கேபிள் மாட்டியிருந்தாத்தான் வரும். கரண்ட் போய் வந்து பூட் ஆனதுக்கப்புறம் கேபிள மாட்டினா "சர்வீஸ் டெவ்எஃப்எஸ் ரீஸ்டார்ட்" கொடுக்கணும். அதனாலதான் கான்ஃபிக்லயே சியூஏயூ0 எழுதறது மேல்.

அந்தப் போர்ட் யூயூசிபி யூசருக்கும் டயலர் குழுவுக்கும்தான் திறக்கும். ப்ரோகிராம ரூட்டா ஓட்ட வேணாம். "பிடபிள்யூ குரூப்மாட் டயலர் -எம்"க்கு அப்புறம் அத ஓட்டற யூசர் பேரக் கொடுத்துட்டு, அந்த யூசரா மறுபடி லாகின் ஆகி "ஐடி" அடிங்க. டயலர்னு வந்தாச்சுன்னா ஸ்டார்ட் ஸ்கிரிப்ட ஓட்டுங்க.